அவள்தான் பாலிசி

தனியார் மருத்துவமனையின் சேர்க்கைக் கவுண்டரில் நோயாளியின் பெயர், வயதுக்கு அடுத்து வரும் கேள்வி: "இன்சூரன்ஸா, கேஷா?" கணவனுக்கு நெஞ்சுவலி, மாமனாருக்குப் பக்கவாதம், மகனுக்கு டெங்கு என்று எதற்காக வந்திருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "இன்சூரன்ஸ் எல்லாம் இல்லைங்க, கேஷ்தான்" என்று சொல்பவர் பெரும்பாலும் அந்த வீட்டு ஆண். சொல்லிவிட்டுத் திரும்பி அவர் பார்ப்பது மனைவியின் கழுத்தை.

"கேஷ்" எங்கிருந்து வருகிறது என்று எந்தக் கவுண்டரிலும் கேட்பதில்லை. நாம் கேட்போம். முதல் நாள் அட்வான்ஸுக்கு வளையலும் கம்மலும் அடகுக்குப் போகின்றன. மூன்றாம் நாள் தாலிக்கொடி போகிறது. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறுகிறது. அதுவும் போதாதபோது மகளிர் குழுவில் அவள் பெயரில் கடன் எழுதப்படுகிறது. குழுக் கடனுக்குக் கையெழுத்து அவளுடையது, வாரத் தவணை அவளுடையது, தவணை தவறினால் வாசலில் வந்து கத்துபவர்களுக்குப் பதில் சொல்வதும் அவளே. அதற்கும் மேல் தேவைப்பட்டால் கந்துவட்டி. நோயாளி வீடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு மாதம் பள்ளிக்குப் போகாமல் இருக்கிறாள், அல்லது இவள் வேலையை விடுகிறாள்.

ஆக, இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று சொன்னது பொய். இருந்தது. மஞ்சள் கயிற்றோடு வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் இந்த வீட்டின் பாலிசி. பிரீமியம் கட்ட வேண்டியதில்லை, காத்திருப்புக் காலம் இல்லை, எந்த நோயும் விலக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தப் பாலிசிக்கே நோய் வந்தால் கிளெய்ம் கிடையாது.

மருத்துவக் காப்பீடு இல்லாததன் விளைவுகளைப் பற்றிப் பேசும்போது பொருளாதார வல்லுநர்கள் "குடும்பம்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். குடும்பம் கடன்படுகிறது, குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே தள்ளப்படுகிறது. குடும்பத்துக்குள் யார் எவ்வளவு தள்ளப்படுகிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்குள் புதைந்துபோகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, ஒரு உறுப்பினருக்காவது ஏதாவதொரு மருத்துவக் காப்பீடு இருக்கும் குடும்பங்கள் இந்தியாவில் 41 சதவீதம். 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 33 சதவீதம் பேருக்கும் பெண்களில் 30 சதவீதம் பேருக்கும் காப்பீடு இருந்தது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகக் கொடுப்பது 2004-05இல் 69.4 சதவீதமாக இருந்து 2021-22இல் 39.4 ஆகக் குறைந்திருப்பதாக அரசின் சுகாதாரக் கணக்கு சொல்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனாலும் நூற்றுக்கு முப்பத்தொன்பது ரூபாய் இன்னும் கையிலிருந்து போகிறது. எந்தக் கையிலிருந்து, அந்தக் கையில் முன்பு என்ன வளையல் இருந்தது என்று அந்தக் கணக்கில் எழுத இடமில்லை.

நகை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீதனம் முழுக்க அவள் சொத்து, கணவன் அதில் பங்காளி கிடையாது என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் கேரளப் பெண் ஒருவரின் வழக்கிலும் அதை உறுதிசெய்தது. இரண்டும் நமக்கு வேண்டிய தீர்ப்புகள். ஆனால் 2024 தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது: துன்ப காலத்தில் கணவன் அதைப் பயன்படுத்தலாம், திருப்பித் தர வேண்டிய தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு. தார்மீகக் கடமையை வைத்துக்கொண்டு அடகுக்கடையில் நகையை மீட்க முடியாது. பவுன் விலை ஏறும் ஒவ்வொரு மாதமும், ஏலத்தில் போன ஐந்து பவுனை அந்தப் பெண் இனி வாழ்நாளில் திரும்பப் பார்க்கப் போவதில்லை என்பது உறுதியாகிறது. கணவனின் பைக் அதே வாசலில் நிற்கிறது. "வேலைக்குப் போகணும்ல" என்கிறார்கள். நியாயம்தான். அவள் வேலைக்கு ஷேர் ஆட்டோவில் போவாள்.

நகை தீர்ந்த பிறகு என்ன? 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் சென்னையைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. சிறுநீரகத்தை விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துப் பேசிய ஆய்வு. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றிருந்தார்கள். அந்தக் கடன்களில் சாப்பாட்டுச் செலவு, வாடகை, கல்யாணச் செலவோடு மருத்துவச் செலவும் இருந்தது. விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். ஏன் நீங்கள், ஏன் உங்கள் கணவர் இல்லை என்று கேட்டபோது மனைவிகள் அதிகம் சொன்ன காரணங்கள் இரண்டு: அவர்தான் சம்பாதிக்கிறவர், அவருக்கு உடம்பு சரியில்லை. விற்ற பின் அந்தக் குடும்பங்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, உடல்நலமும் கெட்டது. சம்பாதிக்காதவள் என்று சொல்லப்பட்டவள் படுத்ததும் வருமானம் எப்படிக் குறைந்தது என்று அந்த வீடுகளில் யாராவது யோசித்திருப்பார்களா? கொடுப்பதில் இப்படி என்றால் பெறுவதிலும் கணக்கு அதேதான். 1995 முதல் 2021 வரை நாட்டில் உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் மட்டுமே பெண்.

இனி அந்தப் பாலிசிக்கே நோய் வரும் கதை.

காப்பீடு இல்லாதபோது ஆணின் நோய் கடனாக மாறுகிறது. பெண்ணின் நோய் பொறுத்தலாக மாறுகிறது. "வெள்ளைப்படுது", "அடிவயிறு இழுக்குது", "கிறுகிறுன்னு வருது", இவற்றுக்கெல்லாம் நம் வீடுகளில் ஒரே மருந்து: "கொஞ்சம் படுத்து எந்திரி, சரியாயிடும்." படுக்க நேரம் யார் தருவது என்பதைச் சொல்ல மாட்டார்கள். 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் பெண்கள் சம்பளமில்லாத வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்கு 289 நிமிடங்கள், ஆண்கள் 88. என் பாட்டிக்குக் கருப்பை இறங்கியிருந்தது. இருபது வருடத்துக்கு மேல் பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி வைத்துக்கொண்டு களை எடுக்கப் போனாள். "கீழ இறங்கிடுச்சு" என்று அவள் சொன்ன தொனியில், சேலை முந்தானை இறங்கிவிட்டது என்பதுபோல ஒரு சாதாரணம் இருந்தது. அது மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்று என்று அவளுக்குத் தெரியும். அதற்கு ஆகும் பணத்தில் ஒரு மாடு வாங்கலாம் என்பதும் தெரியும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. பாதிக்கு மேல். இந்த மாநிலத்தில் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய சாதனை, அதில் கிராமச் செவிலியர்களின் கால்நடையும் வியர்வையும் இருக்கின்றன. அதே கணக்கெடுப்பில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை ஒரு முறையாவது செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இங்கே நூற்றுக்குப் பத்துகூட இல்லை. இந்திய அளவில் இரண்டுகூட இல்லை. பிள்ளை வெளியே வரும்வரை அந்த உடம்பு அரசின் பார்வையில் இருக்கிறது, வீட்டின் பார்வையில் இருக்கிறது. பிள்ளை வந்த பிறகு அது யார் பார்வையிலும் இல்லை. முத்துலட்சுமி ரெட்டி புற்றுநோய்க்குத் தன் தங்கையைப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்திலிருந்து 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் மார்பில் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "பொங்கல் முடியட்டும்", "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று தேதி தள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். மருத்துவர்கள் இதை விழிப்புணர்வின்மை என்று எழுதுகிறார்கள். அவளுக்கு விழிப்பு நன்றாகவே இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியவரும், தெரிந்தால் எவ்வளவு செலவாகும், அந்தச் செலவு யார் கல்யாணத்தை நிறுத்தும் என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் தள்ளுகிறாள்.

"தமிழ்நாட்டில்தான் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே" என்ற குரல் இந்நேரம் வந்திருக்கும். இருக்கிறது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்த பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இதனால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. ஆனால் அந்த அட்டை யாருடைய நோயை நோயாக எண்ணுகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான அட்டை. அறுவைச் சிகிச்சை, இதய அடைப்பு, டயாலிசிஸ். சேராமல், நின்றபடி, நடந்தபடி அனுபவிக்கும் நோய்களுக்கு அதில் பெரிதாக இடமில்லை. இரத்தசோகைக்கு யாரும் படுக்கையில் சேர்ப்பதில்லை. தைராய்டு மாத்திரை, மூட்டுவலி, மாதவிடாய் நிற்கும் காலத்தின் பெரும்போக்கு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு, இவை மாதாமாதம் சில நூறு ரூபாயாகக் கரையும் நோய்கள். சில நூறு ரூபாயை ஒரு பெண் தன் மாத்திரைக்கு என்று எடுத்துவைப்பது எவ்வளவு கடினம் என்பது வீட்டுச் செலவு பார்த்த எல்லோருக்கும் தெரியும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றால் பதினொரு மணி ஆகும், அன்றைய கூலி போய்விடும்.

அட்டை வாங்குவதற்கு ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்றிதழ் வேண்டும். ஒரு ஆள் நாளுக்கு 400 ரூபாய் வீதம் 300 நாள் வேலை செய்தாலே 1,20,000 வந்துவிடும். அவள் கூலியைச் சேர்த்து உண்மையைச் சொன்னால் அட்டை கிடைக்காது. அதனால் விண்ணப்பத்தில் அவள் "வீட்டில் இருப்பவள்" ஆகிறாள். கணவனின் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்தவள் நிலை இன்னும் மோசம். அவள் பெயர் அவன் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கிறது, அட்டை அவன் பீரோவில் இருக்கிறது. பெயரை நீக்கித் தனிக் கார்டு வாங்கத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய வேண்டும். அடிபட்ட உடம்புக்கு மருத்துவம் பார்க்க அடித்தவனிடமிருந்து அட்டை வாங்கி வர வேண்டியிருக்கிறது. படித்து வேலைக்குப் போகும் குடும்பங்களிலும் இதே கதை கொஞ்சம் மெருகோடு நடக்கிறது. கணவனின் கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸில் மனைவி "டிபென்டன்ட்". விவாகரத்து நடந்தால் அதுவும் போய்விடும். நாற்பத்தைந்து வயதில் தனியாகப் புதுப் பாலிசி எடுக்கப் போனால் இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம். கருப்பைக் கட்டி, கருப்பை நீக்கம் போன்றவற்றுக்குப் பல பாலிசிகளில் முதல் இரண்டு ஆண்டுகள் கிளெய்ம் இல்லை. வேலைக்குச் சேரப்போகும் மாணவிகள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் பெயரில் ஒரு பாலிசி தொடங்குவதைக் கல்யாணத்துக்குப் பிறகு என்று தள்ளாதீர்கள்.

அட்டை பெண் பெயரில் இருந்தால் சரியாகிவிடுமா? ராஜஸ்தானில் அப்படிச் செய்து பார்த்தார்கள். பாமாஷா அட்டை வீட்டின் பெண் தலைவி பெயரிலேயே வழங்கப்பட்டது. 2015 இறுதியில் தொடங்கிய அதன் காப்பீட்டுத் திட்டத்தில் யார் சிகிச்சை பெற்றார்கள் என்று பின்னர் ஆராய்ந்தபோது, பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் மூன்றில் ஒன்றுதான் பெண் குழந்தைகள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிலும் பெண்கள் பாதியை எட்டவில்லை. சிகிச்சை இலவசம் என்றாலும் பேருந்துச் செலவு இருக்கிறது, கூடப் போகும் ஆளின் கூலி இருக்கிறது, சில இடங்களில் வெளியே வாங்கச் சொல்லும் மருந்து இருக்கிறது. அந்தச் சில நூறுகளும் ஆயிரங்களும் மகனுக்குப் புரட்டப்படுகின்றன, மகளுக்குப் புரட்டப்படுவதில்லை. கிழவிக்கு நிச்சயமாக இல்லை.

கூடப் போகும் ஆள் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த அரசு மருத்துவமனையிலும் வார்டுக்கு வெளியே இரவில் போய்ப் பாருங்கள். பாய் விரித்துப் படுத்திருப்பவர்கள், அட்டெண்டர் பாஸை ஜாக்கெட்டுக்குள் செருகியிருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் நோயாளிக்கு மனைவி இருக்கிறாள், அம்மா இருக்கிறாள். பெண் நோயாளிக்கும் அம்மாதான், மகள்தான். மருத்துவமனை ஒரு பெண்ணின் இலவச உழைப்பைக் கணக்கில் வைத்தே செவிலியர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னால் அது மிகையில்லை. அவள் இழந்த பத்து நாள் கூலியை எந்தக் காப்பீடும் தருவதில்லை. அவள் படுத்தால் பாய் விரிக்க ஆள் இல்லை என்பதாலேயே அவள் படுப்பதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் இந்தக் கட்டுரை அரைப் பொய்யாகிவிடும். அட்டை இருந்தும் பெண்ணுடம்பு கொள்ளைபோன இடங்கள் உண்டு. 2012இல் சத்தீஸ்கரில், ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டுப் பணத்துக்காகத் தனியார் மருத்துவமனைகள் தேவையில்லாமல் பெண்களின் கருப்பையை அகற்றியதாகப் புகார்கள் வெடித்தன. சத்தீஸ்கர், பீகார், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்தவற்றைப் பற்றி ஒரு மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது வேறு மாதிரி. கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வராவிட்டால் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிடாய் வலிக்கு ஓய்வு இல்லை, பக்கத்தில் பெண் மருத்துவர் இல்லை, வலிக்கு முடிவு கட்டக் கடன் வாங்கிக் கருப்பையை எடுத்துவிடுகிறார்கள். 2019இல் அரசு அமைத்த குழு சுமார் 82,000 பெண் தொழிலாளர்களை விசாரித்ததில் 13,000க்கு மேற்பட்டோர் கருப்பை இழந்திருந்தார்கள். சத்தீஸ்கரில் அட்டை இருந்ததால் போனது. பீட்டில் ஒன்றுமே இல்லாததால் போனது. இரண்டு இடத்திலும் அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது நிதானமாகக் கேட்டு, தொற்றுக்கு மருந்து கொடுத்து, ஒரு வாரம் ஓய்வெடு என்று சொல்லக்கூடிய ஒரு மருத்துவரும், அந்த ஒரு வாரத்துக்கான கூலியும். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும் காப்பீட்டில் இந்த இரண்டும் வராது.

இந்த இரண்டையும் தருகிற ஒரு காப்பீடு நம் நாட்டில் 1948இலிருந்து சட்டமாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஈ.எஸ்.ஐ. புறநோயாளி சிகிச்சை, மாத்திரை, குடும்பத்துக்கும் மருத்துவம், நோய்க்கால விடுப்பில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம், 26 வாரப் பேறுகால ஊதியம். அதன் மருந்தகங்களின் லட்சணம் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் சிந்தனை சரியானது: நோய் என்றால் மருந்து மட்டும் போதாது, போன கூலியும் நோயின் பகுதி. அது யாருக்கு? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், 21,000 ரூபாய்க்குள் மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு. வயலில் வேலை செய்பவளுக்கு இல்லை. வீட்டிலிருந்து பீடி சுற்றி, பட்டன் தைத்துக் கொடுப்பவள் அதை எட்டிப்பிடிப்பதே பெரும்பாடு. வீடு வீடாகப் போய் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்த்து மாத்திரை கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" பெண்களும் ஆஷா பணியாளர்களும் அரசின் பார்வையில் தன்னார்வலர்கள். அவர்களுக்குத் தருவது ஊக்கத்தொகை, சம்பளம் என்று பெயரில்லை. ஊருக்கு மருத்துவம் கொண்டுபோகிறவர்களைத் தொழிலாளர் என்று ஏற்றுக்கொள்ளவே அரசுக்கு மனம் வரவில்லை.

வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் ஈ.எஸ்.ஐ. இல்லை. ஒரு வீடு "நிறுவனம்" ஆகாது என்பது காரணம். 2007இல் தமிழ்நாடு அவர்களுக்கு ஒரு நல வாரியம் அமைத்தது. அதற்கு மேல் போக வேண்டும் என்று சொல்லும்போது, இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும் நம்மில் பலர் முதலாளிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஐ. கணக்குப்படி தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். நான்கு வீடுகளில் வேலை செய்து மாதம் பத்தாயிரம் வாங்கும் பெண்ணுக்கு அவள் பங்கு 75 ரூபாய், நான்கு வீடுகளும் சேர்ந்து தர வேண்டியது 325. வீட்டுக்கு எண்பத்தோரு ரூபாய் சொச்சம். சட்டம் வரும்வரை காத்திருக்கலாம். அதுவரை, அவள் காய்ச்சலில் வராத நான்கு நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.